பக்கத்து ஊரில் ஒரு பிரதி

2019 ஜூலை 10. மான்செஸ்டர், ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். முந்தைய நாள் மழையில் நின்றுபோன உலகக் கோப்பை அரையிறுதி அன்று தொடர்கிறது. நியூசிலாந்தின் 239 ரன்னைத் துரத்திய இந்தியா 92 ரன்னுக்குள் 6 விக்கெட்டை இழந்துவிட்டது. ஜடேஜாவும் தோனியும் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 2 கோடியே 53 லட்சம் பேர். 49-வது ஓவரில் கப்டில் எறிந்த பந்து நேராக வந்து ஸ்டம்பில் பட்டது. தோனி ரன் அவுட்.

அந்தச் சில நிமிடங்களில் சர்வர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஹாட்ஸ்டார் தரப்பு பிறகு ஒரு மாநாட்டு மேடையில் விளக்கியது. மனம் வெறுத்த ரசிகர்கள் ஆட்டத்தை விட்டு வெளியேறினார்கள். ஆனால் செயலியை மூடவில்லை, 'பேக்' பொத்தானை அழுத்தினார்கள். அது அவர்களை முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டது. வீடியோவின் சுமை சரிந்த அதே வேளையில் முகப்புப் பக்கத்தைக் கேட்டு வந்த கோரிக்கைகள் சட்டென்று ஏறின. பெரிய ஆட்டங்களில் கூட்டம் ஏறும்போது மட்டுமல்ல, கலையும்போதும் சர்வர் தாங்க வேண்டும் என்று அவர்கள் திட்டமிடுவது இதனால்தான்.

கோடிக்கணக்கானோர் நேரலையில் பார்க்கும் வீடியோவைத் தாங்க முடிகிறது, ஒரு முகப்புப் பக்கம் ஏன் கவலை தருகிறது? வீடியோ எல்லாருக்கும் ஒன்றுதான். தோனி ஓடும் அந்த ஆறு விநாடித் துண்டை ஒருமுறை தயாரித்து நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் பிரதி வைத்துவிடலாம். முகப்புப் பக்கம் அப்படியில்லை. உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பாதியில் விட்ட சீரியல், சந்தா விவரம், பரிந்துரை என்று ஒவ்வொன்றையும் மூலச் சர்வர் கணக்கிட்டுத் தர வேண்டும். அதைப் பிரதி எடுத்து ஊர் ஊராக வைக்க முடியாது.

பிரதி எடுத்து ஊர் ஊராக வைக்கும் அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் கன்டென்ட் டெலிவரி நெட்வொர்க், சுருக்கமாக சி.டி.என். இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் பத்திரிகை உலகமே போதும். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' பிறகு சென்னை, சேலம், திருச்சி, கோவை என்று பல ஊர்களில் அச்சானது. ஒரே ஊரில் அச்சடித்து ரயிலில் அனுப்பினால் விடிவதற்குள் கடைசி ஊருக்குப் போய்ச் சேராது. அந்தந்த வட்டாரத்திலேயே அச்சடித்தால் டீக்கடை திறக்கும்போது தாள் அங்கே இருக்கும். சி.டி.என். செய்வதும் இதே வேலைதான். உங்கள் தளம் குடியிருக்கும் சர்வர் 'ஆரிஜின்'. வாசகருக்குப் பக்கத்தில் பிரதி வைத்திருக்கும் சர்வர் 'எட்ஜ்'.

இன்று சொந்தமாக ஒரு இணையதளம் வைத்திருக்கும் பள்ளி, பதிப்பகம், செய்தித் தளம், துணிக்கடை என எல்லாரிடமும் யாராவது ஒருவர் "சி.டி.என். போட்டுக்கோங்க" என்று சொல்லியிருப்பார். எதை, எதற்கு என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

ஒளியும் தாமதமாகும்

வேகம் என்றதும் எல்லாரும் எம்.பி.பி.எஸ். கணக்கைத்தான் பேசுகிறோம். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு வீட்டில் இருந்தும் ஒரு சின்னப் பக்கம் ஏன் இழுக்கிறது? ஏனென்றால் பக்கம் திறப்பது குழாயின் அகலத்தைவிட, போய்வரும் தடவைகளைப் பொறுத்தது.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போகும் வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. சென்னையிலிருந்து, அமெரிக்காவின் பெரும் டேட்டா சென்டர்கள் குவிந்திருக்கும் வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்னுக்கு நேர்க்கோட்டில் சுமார் 13,700 கிலோமீட்டர். போய்வர 137 மில்லி விநாடி என்பது இயற்கை போட்ட கணக்கு. எந்த நிறுவனமும் அதைக் குறைக்க முடியாது. கடலடிக் கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதும் இல்லை. வளைந்து நெளிந்து, நடுவில் பல ரவுட்டர்களைத் தாண்டி, நடைமுறையில் 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. 220 என்று வைத்துக்கொள்வோம்.

இது ஒரு தடவை போய்வரும் நேரம்தான். பிரவுசர் முதலில் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்த ஒரு தடவை போய்வரும். பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான இணைப்புக்கு இன்னொரு தடவை. 2018-ல் வந்த டி.எல்.எஸ். 1.3 இதை ஒன்றாகக் குறைத்தது, அதற்கு முன் இரண்டு. பிறகு பக்கத்தைக் கேட்க ஒரு தடவை. கேட்டதும் சர்வர் எல்லாவற்றையும் கொட்டிவிடாது. வழி எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால் முதலில் சுமார் 14 கிலோபைட் அனுப்பும். பதில் வந்தால் 28, பிறகு 56, அதன்பின் 112. ஆக 200 கிலோபைட் பக்கம் ஒன்று முழுதாக வந்து சேர மொத்தம் ஆறு தடவை. ஆறு இருநூற்றிருபது 1,320. ஒன்றேகால் விநாடிக்கு மேல் வெறும் பயணத்திலேயே போய்விடுகிறது. உங்கள் இணைப்பு ஜிகாபிட் வேகம் என்றாலும் இதே கதிதான்.

அதே பக்கத்தின் பிரதி மும்பையில் இருந்தால் சென்னையிலிருந்து ஒரு தடவைக்குச் சுமார் 25 மில்லி விநாடி. ஆறு தடவைக்கு 150. சென்னையிலேயே இருந்தால் அதிலும் சொற்பம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேறு எந்தச் சீர்திருத்தமும் ஒரே நாளில் தந்து நான் பார்த்ததில்லை.

தமிழ்த் தளங்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் 'க' மூன்று பைட், 'கி' ஆறு பைட், 'க்' ஆறு பைட். சுருக்கி அனுப்பும் ஜிஜிப், பிராட்லி முறைகள் இதைப் பெரிதும் சரிக்கட்டிவிடுகின்றன. ஆனால் அந்தச் சுருக்கத்தைப் போட்டுவைக்காத சர்வர்கள் இன்னமும் இருக்கின்றன. எந்த சி.டி.என்.-ஐ எடுத்தாலும் முதலில் இது இயங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரு கணிதப் புதிர்

1995-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் சக ஆய்வாளர்களிடம் ஒரு கேள்வி வைத்தார். உலகளாவிய வலையைப் படைத்தவரே அவர்தான். ஒரே பக்கத்தைத் தேடி எல்லாரும் ஒரே இடத்தில் மோதினால் வலை திணறப்போகிறது, இதற்கு அடிப்படையிலேயே வேறு வழி காண முடியுமா என்பது கேள்வி. பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் அதை எடுத்துக்கொண்டார். 1996-ல் இஸ்ரேலிலிருந்து ஆராய்ச்சி மாணவராக வந்த டேனி லெவினும் சேர்ந்தார்.

பிரதி வைப்பது எளிது. எந்தக் கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் கடினம். கோப்புகளுக்கு எண் கொடுத்து, சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்த்து ஒதுக்கலாம் என்று எவருக்கும் தோன்றும். பத்து சர்வர் இருக்கும்வரை சரி. பதினொன்றாவதைச் சேர்த்த மறுகணம் வகுக்கும் எண் மாறிவிடுகிறது. நூற்றில் 91 கோப்புகள் இடம் மாற வேண்டியதாகிறது. சர்வர்கள் ஓயாமல் பழுதாகி, ஓயாமல் சேர்க்கப்படும் வலையில் இது ஆகாது. லெவினும் லெய்ட்டனும் சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கோப்புகளையும் சர்வர்களையும் ஒரே வட்டத்தின் மேல் புள்ளிகளாக வைத்தார்கள். ஒவ்வொரு கோப்பும் வட்டத்தில் தனக்கு அடுத்து வரும் சர்வருக்குச் சொந்தம். ஒரு சர்வர் புதிதாக வந்தால் அதன் முன்னால் இருக்கும் துண்டு மட்டும் கை மாறும். மேற்சொன்ன கணக்கில் 91-க்குப் பதில் ஒன்பதோ பத்தோ. கன்சிஸ்டன்ட் ஹாஷிங் என்று பெயர் பெற்ற இந்த யோசனை, இன்று சி.டி.என். தாண்டி பெரும் தரவுத்தளங்கள் பலவற்றிலும் வேலை செய்கிறது.

1998-ல் அவர்கள் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999 மார்ச்சில், 'ஸ்டார் வார்ஸ்' புதுப் படத்தின் முன்னோட்டத்துக்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கும் அலைமோதிய கூட்டத்தை அதன் சர்வர்கள் தாங்கிக் காட்டின. அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 2001 செப்டம்பர் 11 காலை பாஸ்டனில் லெவின் ஏறிய விமானம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதிய விமானம் அது. அவருக்கு வயது 31. அன்று உலகமே செய்தித் தளங்களை நோக்கி ஓடியது. அந்தத் தளங்கள் பல விழாமல் நிற்க அகமாய் ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், தங்கள் தோழர் அந்த விமானத்தில் இருந்தார் என்று தெரிந்த பிறகும். சி.டி.என். என்றால் ஏதோ ஒரு மாதச் சந்தா என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணிதத்தையும் இந்த மனிதரையும் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு போட்டி பெருகியது. அமேசானின் கிளவுட்ஃபிரன்ட் 2008-ல் வந்தது, 2013-ல் மும்பையிலும் சென்னையிலும் எட்ஜ் வைத்தது. கிளவுட்ஃபிளேர் 2010-ல் இலவசத் திட்டத்தோடு வந்து சின்னத் தளங்களையும் இந்த உலகத்துக்குள் கொண்டுவந்தது. ஃபாஸ்ட்லி 2011-ல் தொடங்கியது. ஸ்லோவேனியாவிலிருந்து பன்னி, குறைந்த விலையோடு வந்தது. நெட்ஃபிளிக்ஸோ தன் படங்களுக்கென்றே தனிப் பெட்டிகள் செய்து இணைய நிறுவனங்களின் அறைக்குள்ளேயே இலவசமாக வைக்கிறது. கூட்டம் குறைந்த நேரத்தில் புதுப் படங்கள் அதில் நிரப்பப்படும்.

எந்த ஊரிலிருந்து வருகிறது?

நிறுவனங்களின் விளம்பரத்தில் உலக வரைபடம் ஒன்று இருக்கும். அதில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். சென்னையில் ஒரு புள்ளி இருப்பதைப் பார்த்ததும் நம் வாசகருக்குச் சென்னையிலிருந்துதான் பக்கம் போகும் என்று நம்பிவிடுகிறோம். தேர்வில் நடக்கும் மிகப் பெரிய தவறு இது.

வாசகரை அருகிலிருக்கும் பிரதிக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. தளத்தின் பெயரைக் கேட்கும்போதே டி.என்.எஸ். சர்வர் ஆளுக்கேற்ற முகவரியைச் சொல்வது ஒன்று. எல்லா ஊர் எட்ஜுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்து, இணையத்தின் வழித்தடங்களே குறுகிய பாதையைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விடும் எனிகாஸ்ட் மற்றொன்று. எதுவானாலும், உங்கள் வாசகரின் இணைய நிறுவனமும் சி.டி.என். நிறுவனமும் எந்த ஊரில் கைகோத்திருக்கின்றன என்பதே முடிவு செய்யும். இந்தக் கைகோப்புக்கு பியரிங் என்று பெயர். இந்தியப் போக்குவரத்து வெளிநாடு போய்ச் சுற்றி வராமல் இங்கேயே பரிமாறப்படட்டும் என்றுதான் 2003-ல் நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் தொடங்கப்பட்டது. ஆனாலும் இரண்டு பெரிய நிறுவனங்கள் காசு விஷயத்தில் ஒத்துப்போகாவிட்டால், தேனியில் ஒருவர் கேட்ட பக்கம் சென்னையில் பிரதி இருந்தும் சிங்கப்பூரிலிருந்து வரும். இலவசத் திட்டத்தில் இருக்கும் தளங்களுக்கு இது அதிகம் நேர்கிறது. காசு கொடுக்கிற வாடிக்கையாளருக்கே நெருக்கமான, செலவு மிகுந்த பாதை கிடைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. கணினியில் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் பக்கத்தின் பதில் ஹெடர்களை, அதாவது பதிலோடு சேர்ந்து வரும் குறிப்பு வரிகளை, பாருங்கள். கிளவுட்ஃபிளேர் என்றால் 'சிஎஃப்-ரே' என்ற வரியின் கடைசியில் மூன்று எழுத்து இருக்கும். கிளவுட்ஃபிரன்ட் என்றால் 'எக்ஸ்-ஏஎம்இசட்-சிஎஃப்-பாப்' வரியின் தொடக்கத்தில். விமானப் பயணப் பெட்டியில் ஒட்டும் அதே குறியீடுகள்தான் இவை. எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, பி.ஓ.எம். மும்பை, சி.எம்.பி. கொழும்பு, எஸ்.ஐ.என். சிங்கப்பூர், எஃப்.ஆர்.ஏ. ஃபிராங்க்ஃபர்ட். உங்கள் அலுவலக ஃபைபரில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கோவில்பட்டியில் ஒரு உறவினர், யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பர், துபாயில் ஒருவர், டொரன்டோவில் ஒருவர் என்று கேட்டு வாங்குங்கள். வெவ்வேறு மொபைல் நிறுவனங்களின் சிம்மில் மாலை எட்டு மணிக்குப் பாருங்கள். காலை பத்து மணிக்கு நன்றாக இருப்பது இரவில் திணறலாம்.

தமிழ்த் தளத்துக்கு சி.டி.என். பொருந்துவதற்கு வலுவான காரணம் இதுதான்: வாசகர் ஒரே நாட்டில் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களையோ, 2005-லிருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் தளத்தின் பக்கங்களையோ தேடுபவர் மலேசியாவிலும் இருப்பார், லண்டனிலும் இருப்பார். ஒருமுறை ஏற்றினால் ஆண்டுக்கணக்கில் மாறாத நூல் கோப்புகள் பிரதி வைப்பதற்கென்றே பிறந்தவை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலியில் ஒரு பயிற்சி மையம். வாசகர் எல்லாரும் அதே மாவட்டம். தளம் மும்பை சர்வரில் இருக்கிறது, ஒரு நாளைக்குச் சில நூறு பேர் வருகிறார்கள். இவர்களுக்கு வேகத்துக்காக சி.டி.என். தேவையே இல்லை. படங்களைச் சிறிதாக்கினால் போதும்.

எதைப் பிரதி எடுக்கலாம், எதைக் கூடாது

சி.டி.என். போட்டும் தளம் வேகமாகவில்லை என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான். கிளவுட்ஃபிளேர் தன் இயல்பான அமைப்பில் படங்கள், ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளை மட்டுமே பிரதி எடுக்கும். பக்கத்தின் எச்.டி.எம்.எல்.-ஐ எடுக்காது. அதைக் கேட்டு ஒவ்வொரு வாசகரும் மூலச் சர்வர்வரை போய்த்தான் வருகிறார். ஹெடரில் கேச் நிலை, அதாவது பிரதியின் நிலை, 'ஹிட்' என்றால் பிரதியிலிருந்து வந்தது. 'மிஸ்' என்றால் பிரதி அங்கே இல்லை, இப்போதுதான் எடுத்து வருகிறது. 'டைனமிக்' என்றால் பிரதி எடுக்கும் எண்ணமே அதற்கு இல்லை. இந்த மூன்று சொற்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எவ்வளவு நேரம் பிரதி செல்லும் என்பதைச் சொல்வது உங்கள் சர்வர் அனுப்பும் 'கேச்-கன்ட்ரோல்' வரி. படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் ஓராண்டு கொடுக்கலாம், கோப்பு மாறும்போது பெயரையும் மாற்றிவிட்டால். செய்திப் பக்கத்துக்கு ஒரு நிமிடம்கூடப் போதும். தேர்தல் முடிவு வரும் காலையில் ஒரு நிமிடத்தில் பத்தாயிரம் பேர் ஒரே பக்கத்தைக் கேட்கிறார்கள் என்றால், ஒவ்வொரு எட்ஜும் உங்கள் சர்வரிடம் அந்த நிமிடத்தில் ஒரு முறையோ சில முறையோ கேட்டால் போதுமானது. மீதியெல்லாம் பிரதி. இதோடு 'ஸ்டேல்-வைல்-ரிவேலிடேட்' என்ற வசதியும் உண்டு. காலம் கடந்த பிரதியை வாசகருக்கு உடனே கொடுத்துவிட்டு, பின்னாலேயே புதியதை வரவழைத்துக்கொள்ளும். செய்தித் தளம் நடத்துபவர் இதை அவசியம் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. பேஸ்புக்கிலிருந்து வரும் ஒவ்வொரு சுட்டியின் வாலிலும் 'எஃப்.பி.கிளிட்' என்று நீளமான அடையாளம் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் அது வேறு. அமைப்பைச் சரிசெய்யாவிட்டால், அந்த வாலோடு வரும் ஒவ்வொரு முகவரியையும் புதிய பக்கம் என்று எட்ஜ் எண்ணும். ஒரு கட்டுரை பேஸ்புக்கில் பற்றிக்கொண்டு ஓடும் அன்று, பிரதி எதுவும் பயன்படாமல் எல்லாரும் மூலச் சர்வரில் வந்து விழுவார்கள். முகவரியின் எந்தப் பகுதிகளை வைத்துப் பிரதியை அடையாளம் காண்பது என்று கட்டுப்படுத்தும் வசதி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

பிரதி எடுக்கக் கூடாததை எடுத்தால் வருவது வேகக் குறைவைவிடப் பெரிய கேடு. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் நுழைந்தவர்கள் பார்த்தது வேறு யாரோ ஒருவரின் கணக்குப் பக்கம். தள்ளுபடிக் காலக் கூட்டத்தோடு ஒரு தாக்குதலும் சேர்ந்துகொள்ள, அதைச் சமாளிக்கப் போட்ட கேச் விதியில் தவறு நேர்ந்தது. உள்ளே நுழைந்தவருக்கென்று தயாரான பக்கங்கள் பிரதியாகி அடுத்தவருக்கும் போயின. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படி வெளிப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. கடைக் கூடை, மாணவர் மதிப்பெண், நோயாளியின் பரிசோதனை முடிவு போன்றவற்றைத் தரும் பக்கங்களில் 'பிரைவேட்', 'நோ-ஸ்டோர்' என்று உங்கள் சர்வரே தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். சி.டி.என். பார்த்துக்கொள்ளும் என்று விடக்கூடாது. அதோடு, ஹெடர் என்ன சொன்னாலும் எல்லாவற்றையும் பிரதி எடு என்று கட்டளையிடும் விதி எதையும் சி.டி.என். பக்கத்தில் போட்டுவைக்கவும் கூடாது.

கணக்கு

ஒரு பக்கம் 2 மெகாபைட், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பார்வை என்றால் நாளொன்றுக்கு 200 ஜிகாபைட், மாதத்துக்கு 6 டெராபைட். கிளவுட்ஃபிரன்ட் மாதம் முதல் ஒரு டெராபைட்டை இலவசமாகத் தருகிறது. அதற்கு மேல் இந்திய வாசகருக்குப் போகும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் பட்டியல் விலை சுமார் 11 சென்ட். அமெரிக்க வாசகருக்கு எட்டரை சென்ட்தான். மேற்படி கணக்குக்கு மாதம் 545 டாலர் அளவில் வரும். பன்னியில் ஆசியாவுக்கு ஜிகாபைட் 3 சென்ட் என்ற விலையில் 180 டாலர். கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்தில் சாதாரணத் தளத்துக்கு ஜிகாபைட் கணக்கே இல்லை, ஆனால் வீடியோவை அதன் வழியாகக் கொட்ட அனுமதியில்லை, பாதையும் அவர்கள் விருப்பம்.

இந்த விலைப் பட்டியலோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அந்த 2 மெகாபைட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் முக்கால் பங்கு படம். செல்போனில் விரலளவு தெரியும் படத்துக்கு கேமராவிலிருந்து வந்த அதே கோப்பை ஏற்றியிருப்பார்கள். வெப்பி, ஏ.வி.ஐ.எஃப். வடிவத்துக்கு மாற்றி, அளவைக் குறைத்து, 600 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தால் மாதக் கணக்கு 1.8 டெராபைட்தான். முந்தைய 545 டாலர் 90 டாலருக்குக் கீழே இறங்கிவிடும். வாசகரின் டேட்டா பேக்கும் மிச்சம். வரிசையைத் திருப்பிப் போடாதீர்கள்: முதலில் படம், பிறகு கேச் விதி, அதன்பிறகுதான் நிறுவனம்.

ஜிகாபைட்டுக்குக் காசு வாங்கும் இடத்தில், தாக்குதல் வந்தால் அந்தப் போக்குவரத்துக்கும் பில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம். செலவு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடுவில் நிற்பவர்

வேகத்தைக் கொடுக்கும் அதே ஏற்பாடு உங்கள் தளத்துக்கும் வாசகருக்கும் நடுவில் ஒருவரை நிறுத்துகிறது. அவர் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லியின் ஒரு வாடிக்கையாளர் தன் அமைப்பில் முறையான ஒரு மாற்றம்தான் செய்தார். மே மாதம் போட்ட மென்பொருளில் ஒளிந்திருந்த பிழையை அது தட்டி எழுப்ப, நெட்வொர்க்கின் 85 சதவீதம் பிழைச் செய்தி காட்டியது. 'கார்டியன்' நாளிதழும் பிரிட்டன் அரசின் தளமும் மறைந்தன. 49 நிமிடத்தில் 95 சதவீதம் மீண்டது. 2025 நவம்பர் 18 அன்று இந்திய நேரம் மாலை சுமார் 4.50-க்கு கிளவுட்ஃபிளேர் விழுந்தது. தரவுத்தள அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால், தானியங்கி பாட்களைக் கண்டறியும் கோப்பு இரு மடங்கு பெருத்து, அதைப் படிக்கும் மென்பொருளின் வரம்பைத் தாண்டிவிட்டது. எக்ஸ், சாட்ஜிபிடி எல்லாம் திணறின. இரவு எட்டு மணிவாக்கில்தான் பெரும்பகுதி சீரானது. இரு நிறுவனங்களும் நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்டன. அப்படி வெளிப்படையாக எழுதும் பழக்கம் உள்ளவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அவர் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. வாசகரின் பாதுகாப்பான இணைப்பு எட்ஜில் முடிகிறது. அங்கே பூட்டு திறந்து, மறுபடி பூட்டி, உங்கள் சர்வருக்குப் போகிறது. மறுபடி பூட்டாமலே அனுப்பும் 'ஃப்ளெக்சிபிள்' என்றொரு அமைப்பும் கிளவுட்ஃபிளேரில் இருக்கிறது. அதில் பிரவுசர் பூட்டுக் குறியைக் காட்டும், பாதி வழியில் கடவுச்சொல் திறந்தபடி போகும். அதைத் தொடாதீர்கள். 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' மட்டுமே போடுங்கள். மூலச் சர்வரின் நேரடி முகவரி வெளியே தெரிந்தால் தாக்குபவர் சி.டி.என்.-ஐச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். எட்ஜிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி ஃபயர்வாலை அமையுங்கள்.

பொதுவில் கிடைக்கும் இலவச ஸ்கிரிப்ட் சி.டி.என்.களைப் பற்றியும் ஒரு சொல். எல்லாத் தளங்களும் ஒரே இடத்திலிருந்து ஒரு நூலகக் கோப்பை இழுத்தால் பிரவுசரில் அது முன்பே இருக்கும், வேகம் கூடும் என்பது பழைய அறிவுரை. குரோம் 2020-லிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் கேச்சைத் தனியாகப் பிரித்துவிட்டது. அந்தப் பயன் போய்விட்டது, ஆபத்து மட்டும் மிச்சம். 2024-ல் 'பாலிஃபில்' என்ற புகழ்பெற்ற ஸ்கிரிப்ட்டின் டொமைன் கைமாறியது. சில மாதங்களில் அந்த ஸ்கிரிப்ட் வழியாகத் தீங்கான குறியீடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் வாசகர்களை எட்டியது. அப்படிப்பட்ட கோப்புகளை உங்கள் டொமைனிலேயே வைத்து உங்கள் சி.டி.என். வழியாகக் கொடுங்கள்.

மாற்றும் இரவு

டொமைன் பதிவை சி.டி.என். நிறுவனத்திடம் கொடுக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவர் விழும்போது அவருடைய கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்து திறக்காமல் போகும். நவம்பர் 18 அன்று பலருக்கு நேர்ந்தது அதுதான். பதிவு வேறிடத்தில் இருந்தால் பெயர் சர்வரையாவது மாற்றிப் பார்க்க வழி உண்டு, அது பரவச் சில மணி நேரம் பிடித்தாலும். முடிந்தால் டி.என்.எஸ்.ஸையும் தனியே வையுங்கள். அதன் பதில் எவ்வளவு நேரம் செல்லும் என்று சொல்லும் டி.டி.எல். 300 விநாடி என்று இருந்தால் சில நிமிடங்களில் வேறு வழிக்குத் திரும்பலாம்.

மாற்றத்தை ஒரு துணை டொமைனில் தொடங்குங்கள். படங்களை மட்டும் ஒரு வாரம் அதன் வழியாக அனுப்பிப் பாருங்கள். ஹிட் விகிதம் படங்களில் 90-ஐத் தாண்டவில்லை என்றால் ஹெடர்களில் ஏதோ தவறு. அது சரியானதும், வாசகர் குறைந்த நள்ளிரவில், முழுத் தளத்தையும் மாற்றலாம். மாற்றியதும் உள்ளே நுழைந்து வெளியேறிப் பாருங்கள். இரண்டு போன்களில் இரண்டு கணக்குகளாக நுழைந்து, ஒருவர் பக்கம் மற்றவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு கட்டுரையில் ஒரு சொல்லைத் திருத்தி, எட்ஜில் இருக்கும் பழைய பிரதியை நீக்கும் 'பர்ஜ்' கட்டளை கொடுத்து, கோவில்பட்டியிலும் டொரன்டோவிலும் அது எத்தனை விநாடியில் மாறுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் அளவுகோலில் பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் திரையில் வர வேண்டும், அதுவும் நான்கில் மூன்று பார்வைகளில். அந்த எண்ணைப் பழையதோடு ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஆண்டுச் சந்தா கட்டலாம்.